முட்டைக்காசும் வீட்டுக்கடனும்

கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது 1904-ல். அதே ஆண்டு அக்டோபரில், நாட்டிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது நம் காஞ்சிபுரத்தில்தான். கந்துவட்டிக்காரரிடமிருந்து கைத்தொழில்காரரும் சிறு வியாபாரியும் தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்ற கவலை அன்றே இந்த ஊருக்கு இருந்திருக்கிறது. இன்றைக்குக் கடன் வாங்குவது சுலபம். பிள்ளையார்பாளையத்திலும் ஓரிக்கையிலும் செவிலிமேட்டிலும் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்பியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கடன்காரர்கள். 20 வருடக் கடனை 20 வருடமும் இழுத்துக் கட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கொல்லையில் நாலு கோழியும் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் எவ்வளவு முன்னதாக முடிக்கலாம் என்பதற்கான குறிப்புகள் இவை. கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒரே கடனை எடுத்துக்கொள்கிறேன்: 20 லட்சம் ரூபாய், 8.5 சதவீத வட்டி, 20 வருடம்.

1. முதலில் வங்கியில் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். நம் உதாரணக் கடனுக்கு மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதம் அதில் 14,167 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,190 ரூபாய்க்குள்தான். பத்து வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டினால் நீங்கள் கொடுத்திருப்பது ஏறக்குறைய 20.8 லட்சம். அப்போதும் பாக்கி 14 லட்சம் நிற்கும். கடைசிவரை கட்டினால் மொத்தம் 41.65 லட்சம். இந்தத் தாளைச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். சிக்கனத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டி வராது.

2. சிறு தொகையைக் கேவலமாக நினைக்காதீர்கள். முதல் மாதத்திலிருந்தே தவணையோடு 500 ரூபாய் சேர்த்துக் கட்டினால் கடன் 16 மாதம் முன்னதாக முடியும். வட்டியில் சுமார் 1.76 லட்சம் மிச்சம். 1,000 ரூபாய் என்றால் இரண்டரை வருடம் முன்னதாக, 3.2 லட்சம் மிச்சம். 2,000 ரூபாய் சேர்த்தால் நாலு வருடம் ஐந்து மாதம் குறையும், 5.5 லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். 500 ரூபாய் என்பது எட்டு நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டுக்கு எட்டாத தொகை இல்லை. அதனால்தான் கோழியும் கடனும் ஒரே கட்டுரையில் வருகின்றன.

3. மொத்தமாகப் பணம் வந்தால் காலம் தாழ்த்தாமல் அசலில் போடுங்கள். தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், கல்யாணத்தில் வந்த மொய், ஊரில் விற்ற கால் காணி என்று எந்த வழியில் வந்தாலும் சரி. முதல் வருட முடிவில் கட்டும் ஒரு லட்சம், பின்னால் வரவேண்டிய வட்டியில் ஏறக்குறைய மூன்றரை லட்சத்தை வெட்டிவிடும். அதே ஒரு லட்சத்தைப் பத்தாவது வருடம் கட்டினால் மிச்சமாவது 1.2 லட்சம் சொச்சம்தான். "பெரிய தொகையா சேரட்டும், அப்புறம் ஒரே அடியா கட்டலாம்" என்று பீரோவில் வைத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

4. கூடுதல் பணம் கட்டும்போது எழுத்தில் ஒரு வரி கொடுங்கள்: "இந்தத் தொகையை அசலில் கழித்து, தவணைக் காலத்தைக் குறைக்கவும், மாதத் தவணை அப்படியே இருக்கட்டும்." இப்படிச் சொல்லாவிட்டால் சில இடங்களில் தவணைத் தொகையைக் குறைத்துவிடுவார்கள், சில இடங்களில் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிடுவார்கள். இரண்டிலும் நீங்கள் நினைத்த பலன் கிடைக்காது. கடிதத்தின் நகலில் கிளை முத்திரை வாங்கிக்கொண்டு, புதிய அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. யாராவது கேட்டால் எந்த விதியின்படி என்று எழுதிக் கேளுங்கள். நிலையான வட்டிக் கடன் என்றால் கதை வேறு. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

5. வட்டி இறங்கினால் தவணையை இறக்காதீர்கள். 2025 பிப்ரவரி தொடங்கி ஜூன் வரைக்குள் ரெப்போ வட்டி 6.5 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தது. ரெப்போவோடு இணைந்த கடன் வைத்திருந்தவர்களுக்கு அது தானாகவே வந்து சேர்ந்திருக்கும். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய பழைய கடன்கள் பல, வேறு கணக்கில் கூடுதல் வட்டியில் ஓடிக்கொண்டிருக்கும். கிளையில் போய், "என் கடன் எந்த அளவுகோலில் ஓடுகிறது? புதியதற்கு மாற எவ்வளவு கட்டணம்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். மாற்றிக்கொண்ட பிறகு பழைய தவணையையே கட்டி வாருங்கள்.

வட்டி ஏறும்போதும் கவனம் தேவை. பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும்; 20 வருடக் கடன் சத்தமில்லாமல் 26 வருடமாக நிற்கும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, கொஞ்சம் அசல் கட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு.

6. வீட்டுக்கடனுக்கு முன் அடைக்க வேண்டிய கடன்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நாள் வட்டி, மீட்டர் வட்டி, தனியார் கடையில் அடகு வைத்த நகை, கிரெடிட் கார்டு பாக்கி எல்லாம் 8.5 சதவீதத்தைவிடப் பல மடங்கு தின்பவை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. முட்டைக்காசு முதலில் அங்கே போகட்டும். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். ஆனால் அது இருக்கும்வரை வேறு இடத்தில் கூலி கூடக் கிடைத்தாலும் போக முடியாது. அதுவும் ஒரு வட்டிதான்.

7. நெசவுக் குடும்பத்துக்கு உள்ள சங்கடம் மாதச் சம்பளக்காரருக்கு இல்லை. வங்கித் தவணை 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதி. கூலியோ புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான். கோர்வைப் புடவை என்றால் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் நாள் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழி ஈரம் கோத்துக்கொள்ளும், பாவு விறைப்பாக நிற்காது, வேலை பாதியாகும். வெள்ளி விலை ஏறி ஜரிகை விலை எகிறினால், முதலாளி அடுத்த பாவு கொடுக்கவே யோசிப்பார். ஆகவே முன்கூட்டியே கட்டும் ஆர்வத்தில் கையிருப்பைத் துடைத்துவிடாதீர்கள். மூன்று தவணைக்கான பணம் தனிக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். அது நிரம்பிய பிறகே அசலுக்குக் கூடுதலாகப் போடுங்கள். ஒரு தவணை தவறினால் விழும் அபராதமும், சிபில் மதிப்பெண்ணில் விழும் அடியும், மாதக்கணக்கில் சேர்த்த முட்டைக்காசை ஒரே நாளில் காலி செய்துவிடும். தவணைத் தேதியை மாற்றித் தரும் வங்கிகளும் உண்டு. கூலி கைக்கு வரும் நாளை ஒட்டிக் கேட்டுப் பாருங்கள்.

8. தறிக்கு, ஜரிகைக்கு, பட்டுக்கு முதல் தேவைப்பட்டால் வீட்டுக்கடன் மேல் 'டாப்-அப்' வாங்காதீர்கள். நெசவாளர்களுக்கான முத்ரா கடன் 6 சதவீத வட்டியில் கிடைக்கிறது. நெசவாளர் அடையாள அட்டையுடன் கூட்டுறவுச் சங்கத்திலோ கைத்தறித் துறை அலுவலகத்திலோ விசாரியுங்கள். வீட்டுப் பத்திரம் தொழில் கடனுக்கு ஈடாக நிற்கவே கூடாது என்பது என் கட்சி. தொழில் ஒரு வருடம் படுத்து மறுவருடம் எழும். வீடு போனால் போனதுதான்.

9. இனி கோழி. எட்டு பெட்டை, ஒரு சேவல். அதற்கு மேல் ஊருக்குள் இருக்கும் வீட்டில் வேண்டாம். கணக்கை நேர்மையாகப் போட்டுவிடுவோம். நாட்டுக்கோழி ஒன்று வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். 70 என்று வைத்தால் எட்டுக் கோழிக்கு 560 முட்டை. முட்டை 12 ரூபாய் என்று கொண்டால் வருடத்துக்கு 6,720 ரூபாய், மாதத்துக்கு 560. இப்போது செலவு. கோழி ஒன்றுக்கு நாளைக்கு 75 கிராம் தீவனம் என்றால் எட்டுக்கும் மாதம் 18 கிலோ. கிலோ 30 ரூபாய்க்கு வாங்கினால் 540 ரூபாய். வந்த முட்டைக்காசு முழுக்கத் தீவனக் கடைக்கே போய்விட்டது!

இந்த இடத்தில்தான் பலர் ஆறு மாதத்தில் கூண்டை விற்றுவிடுகிறார்கள். லாபம் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, காசு கொடுத்து வாங்கும் தீவனத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பது. இரண்டு, குஞ்சு. ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும் கோழியை அடை வைத்தால் 21-ஆம் நாள் குஞ்சு பொரியும். எல்லாக் கோழியையும் அடைக்கு விட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈடு போதும். நாலைந்து மாதம் வளர்ந்த சேவலுக்கு நாட்டுக்கோழிக் கடையில் கிடைக்கும் விலை, அதன் தாய் மாதக்கணக்கில் இட்ட முட்டைக்குச் சமம்.

10. என்ன ரகம்? வீட்டுக்குச் சிறுவிடையே போதும். குறைவாகத் தின்னும், தானே அடை காக்கும், குஞ்சைக் கீரியிடமிருந்து காப்பாற்றும். முட்டைதான் முக்கியம் என்றால் கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்கள் நாட்டுக்கோழியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடும். ஆனால் அவை அடைக்கு உட்காராது. குஞ்சு ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டையும் கலந்து வைத்து, கிராமப்பிரியாவின் முட்டையைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். விவரம் வேண்டுவோர் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று கேட்கலாம். கருங்கோழி, சண்டைக்கோழி என்று ஆசை காட்டி ஜோடி இத்தனை ஆயிரம் என்பவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

11. தறி இருக்கும் வீட்டில் கோழி வளர்ப்பதற்குத் தனி ஒழுங்கு உண்டு. தறி அறைக்கும் கோழிக்கும் நடுவே ஒரு கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். தறிக்குழிக்குள் இறங்கிய கோழி மிதி பலகைக்கும் பாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு படபடத்தால் இழை அறுபடும். எச்சம் பட்டால் பட்டில் கறை போகாது. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் நாளில், அந்த வேலை முடியும்வரை பஞ்சாரத்தைத் தூக்காதீர்கள். அது உங்கள் பாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வீட்டுக்காரருடைய பாவில் உங்கள் கோழி ஏறினால், தெருச்சண்டைக்கு வேறு காரணம் வேண்டாம்.

கோழிக்கும் ஆபத்து உண்டு. தார் சுற்றும் இடத்தில் உதிரும் பட்டு இழை, காலில் சுற்றினால் கண்ணுக்கே தெரியாது. இரண்டு நாளில் இறுகி, விரல் கறுத்து, உதிர்ந்தே போகும். கோழி நொண்டினால் முதலில் காலைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, மடிப்புக்குள் இழை இருக்கிறதா என்று பாருங்கள்; சிறு கத்தரியால் நறுக்கி மஞ்சள் பூசுங்கள். மினுமினுக்கும் ஜரிகைத் துண்டையும் கொத்தி விழுங்கும். ஆகவே தறியடியைப் பெருக்கிய குப்பை கோழி மேயும் கொல்லைக்குப் போகக் கூடாது. பக்கத்தில் சாயப் பட்டறை இருந்தால் அந்தக் கால்வாய்த் தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள்.

12. கரையான் பிடிப்பது கோழிக்குச் செலவில்லாத புரதம். பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, வைக்கோல், தென்னை மட்டைத் தூள் போட்டுத் தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் உள்ள மண்மேல் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானை நிறைய இருக்கும். வெயில் ஏறுமுன் கொட்டிவிட வேண்டும்; ஏறினால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். இது கிராமத்துத் தோட்டத்துக்கு அருமையான யோசனை. மரத்தறி உள்ள வீட்டுக் கொல்லையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கோழிக்குக் கரையான் வளர்க்கப் போய்த் தறிமரத்தை அதற்குச் சாப்பாடாகக் கொடுத்த கதையாகிவிடும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அசோலா நல்லது: ஒரு சின்னத் தொட்டி, கொஞ்சம் செம்மண், சாணக் கரைசல், பாதி நிழல்.

13. மற்றத் தீவனம்: அரிசி கழுவி அரித்த குருணை, தவிடு, காய்கறித் தோல், கீரைத் தண்டு, மீந்த இட்லி. மாலையில் மார்க்கெட் கடை கட்டும் நேரத்தில் போனால் முட்டைக்கோஸ் மேல் இலையும் முள்ளங்கி இலையும் சும்மாவே தருவார்கள். உப்பு, எண்ணெய் தூக்கலான மிச்சமும் பூசணம் பிடித்த எதுவும் வேண்டாம். முட்டை ஓட்டைக் காயவைத்து நொறுக்கித் திருப்பிக் கொடுங்கள், ஓடு கெட்டியாகும். முழு ஓட்டைப் போட்டால் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

ரேஷன் அரிசி விஷயத்தில் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அது விலையில்லாமல் வருகிறது. அடுத்தவரிடம் கிலோ இவ்வளவு என்று வாங்கிக் கோழிக்குப் போடுவது குற்றம்.  உங்கள் வீட்டுக்கு வந்ததை நன்றாக வடித்து, பழையதாக்கி, இட்லி மாவில் கலந்து நீங்களே சாப்பிடுங்கள். அப்போதுதான் கடை அரிசிச் செலவு குறையும்.

14. தடுப்பூசியில் மட்டும் சிக்கனம் கூடாது. வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் தெருக் கோழிகளையெல்லாம் வாரிக்கொண்டு போகும். வந்த பிறகு மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. ஒவ்வொரு பிப்ரவரியிலும் கால்நடைப் பராமரிப்புத் துறை இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. கோழியைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் சேருங்கள். கீழாநெல்லி, சீரகம், பூண்டு, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். ஊசிக்குப் பதிலாக வேண்டாம்.

15. அக்கினி நட்சத்திரத்தில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். மண் சட்டியில் தண்ணீர் வைத்து நிழலில் இரண்டு இடத்தில் வையுங்கள், பகலில் இரண்டு முறை மாற்றுங்கள். முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள்; ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்ச் சீக்கிரம் கெடும். துடைத்து, கூர்முனை கீழாக, மணல் பானையில் வைக்கலாம். சந்தேகமானால் தண்ணீரில் போடுங்கள்: படுத்தால் புதியது, நின்றால் இன்றே சமையுங்கள், மிதந்தால் கூமுட்டை.

16. கோயிலூரில் கோழி வளர்ப்பவருக்கு அக்கம்பக்கம் முக்கியம். சன்னதித் தெருப் பக்கம் முட்டை நாற்றமே ஆகாதவர்கள் இருப்பார்கள். விடிகாலை மூன்றரை மணிக்குக் கூவும் சேவலைப் பற்றி, "ஏம்மா, அதை உள்ளே கூடை போட்டு மூடக் கூடாதா? ராத்திரி கருட சேவை பார்த்துட்டு வந்து இப்பதான் கண்ணசந்தேன்" என்று பக்கத்து மாமி கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. பெட்டை பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். குஞ்சு வேண்டும் என்கிறபோது தெரிந்தவர் வீட்டிலிருந்து சேவல் சேர்ந்த முட்டையாக வாங்கி அடை வைத்துக்கொள்ளலாம். கூட்டின் அடியில் காய்ந்த இலை, மரத்தூள் போட்டு வாரம் ஒரு முறை வாரி, மக்க வைத்துக் கீரைப் பாத்திக்கும் முருங்கைக்கும் போடுங்கள். பச்சை எச்சத்தை அப்படியே போட்டால் செடி கருகும். மாமிக்கு மாதம் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தால் பாதி வழக்கு அங்கேயே முடியும்.

17. முட்டைக்காசுக்குத் தனி உண்டியல் வையுங்கள். இதில் ஒரு கறாரான விதி: வீட்டில் ஆம்லெட் போட்ட முட்டைக்கும் கடை விலையை உண்டியலில் போட வேண்டும். வெளியே வாங்கியிருந்தால் கொடுத்திருப்பீர்கள் அல்லவா? தீவனச் செலவை அதிலிருந்தே எடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதை அன்றே கடன் கணக்கில் சேருங்கள். வீட்டுச் செலவுப் பணத்தோடு கலந்தால் அது கொத்தமல்லியாகவும் பால் பாக்கெட்டாகவும் கரைந்துவிடும்.

18. மின்கட்டணத்தில் 500 யூனிட் ஒரு கோடு. இரண்டு மாதப் பயன்பாடு 500-ஐத் தாண்டினால், மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை இருந்த குறைந்த விலையும் பறிபோகும். ஒரு யூனிட் தாண்டியதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாக விழும். மீட்டரை நாற்பதாம் நாள் ஒரு தடவை பார்த்துவிட்டால் கடைசி இருபது நாள் கிரைண்டர், இஸ்திரிப் பெட்டியைக் கட்டுப்படுத்தலாம். கைத்தறி இணைப்புக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம். தறி வைத்திருந்தும் அந்த இணைப்புக்கு மாறாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

19. சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும், அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழியும். தொகை சின்னதுதான், ஆனால் எந்தச் சிரமமும் இல்லாமல் வருவது.

20. பீரோவில் மடிப்பு விட்டுப் போன பழைய பட்டுப்புடவைகளை "பழைய ஜரிகை வாங்குறது" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருபவரிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். பாட்டி காலத்து அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி இன்றைக்கு விற்கும் விலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று கடைகளில் சோதித்து, எடை போட்டு, விலை கேட்டு அப்புறம் கொடுங்கள். வந்த பணம் புதுப் புடவையாக மாறாமல் நேரே மூன்றாம் குறிப்புக்குப் போக வேண்டும்.

21. வைகாசி பிரம்மோற்சவம், பங்குனி உத்திரம், நவராத்திரி என்று உறவினர் வந்துகொண்டே இருப்பார்கள். 2019-ல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் பல வீடுகளில் அடுப்பே அணையவில்லை. விருந்தினரைக் குறைக்கச் சொல்லும் சிக்கனம் நமக்கு வேண்டாம். ஹோட்டலுக்கு அழைத்துப் போவதைக் குறைத்தால் போதும். மிளகு, சீரகம், சுக்கு தட்டிப்போட்ட கோயில் இட்லியை வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் மந்தாரை இலை போட்டு வேகவைத்துத் துண்டு போட்டால், வந்தவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். மறுநாளும் கெடாது.

22. சீட்டு கட்டுவீர்களானால், 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டு சட்டப்படி பதிவான சீட்டுதானா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்குப் பாதி லாபம், பாத்திரம், தங்கக்காசு என்று ஆசை காட்டும் தீபாவளிச் சீட்டுகளில் நம் வட்டாரத்தில் எத்தனை பேர் பணம் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. கடனை அடைப்பதே 8.5 சதவீதம் நிச்சய வருமானம்தான். அதற்கு வரியும் கிடையாது.

23. "வீட்டுக்கடன் இருந்தால் வரி மிச்சம், ஏன் அடைக்கிறாய்?" என்று ஓர் ஆபீஸ்காரர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். வருமான வரியே கட்டாத வீட்டுக்கு இதில் ஒன்றும் இல்லை. கட்டுபவருக்கும், 2023-24 நிதியாண்டிலிருந்து இயல்பாகவே பொருந்தும் புதிய முறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கு வருடம் 2 லட்சம்வரை கழிவு உண்டு. அங்கேயும் நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரியை மிச்சம் பிடிப்பதை யாரும் லாபம் என்று எழுத மாட்டார்கள்.

24. கடைசித் தவணை கட்டிய அன்று வேலை முடிவதில்லை. நிலுவை இல்லாச் சான்று வாங்குங்கள். அடமானமாகக் கொடுத்த மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்கு இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. கொடுத்த பட்டியலும் திரும்பி வந்த பட்டியலும் ஒன்றா என்று பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். பிணையாகக் கொடுத்த காசோலைகளைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்யுங்கள். கடனோடு ஒரே பிரீமியத்தில் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், மீதிக் காலத்துக்கு ஏதாவது திரும்ப வருமா என்று விசாரியுங்கள்.

இதற்குப் பிறகுதான் பலர் கோட்டைவிடும் இடம். கடன் வாங்கும்போது பத்திர ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பீர்கள். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் வங்கி அதிகாரி வந்து கையெழுத்திட்டுப் பதிய வேண்டும். பதிந்த பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அடமானப் பதிவுக்குக் கீழே ரசீதுப் பதிவும் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் முழுக்கக் கட்டியும் வீடு காகிதத்தில் அடமானத்திலேயே நிற்கும். பத்து வருடம் கழித்து மகள் பேருக்கு எழுதப் போகும்போது, அந்த அதிகாரி எங்கே மாறிப் போனார் என்று தேட வேண்டிவரும். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை அது இலவசம்.

25. திரும்பி வந்த பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையையும் கைரேகையையும் பின்னால் சோதிக்க வேண்டி வந்தால் முடியாது. பிரிக்கப் போனால் தாளும் கிழியும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, தறி அறையின் ஈரம் எட்டாத அலமாரியில் வைத்து, பட்டுப்புடவைகளை வெளியே எடுத்து மடிப்பு மாற்றும்போது இதையும் பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள். நகல்களை இரண்டு செட் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.